சேத்தின் காலைப் பற்றி ஒரு கவிதை

பட்டாளத்தில் என்னை ஹிண்டில் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கவிராயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாதி கிண்டல், பாதி மரியாதை. எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. இங்கிலாந்தில் எங்கள் ஹேஸ்லன் ஊர் வாரப் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் பாட்டு வரும். அடியில் கொட்டை எழுத்தில் ‘எல்லிஸ் ஹிண்டில், பிரான்சிலிருந்து’ என்று போட்டிருப்பார்கள். மில்லில் நாலு தறி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது போதாதா? தலைக்கனம் நன்றாகவே ஏறியிருந்தது.

எல்லாம் சிரிப்புப் பாட்டுதான். எலி, பேன், ஜாம் டின், பெட்ரோல் வாடை அடிக்கிற டீ என்று எதைக் கொடுத்தாலும் பாட்டாக்கிவிடுவேன். எங்கள் பிளாட்டூனில் முக்கால்வாசிப் பேர் ஹேஸ்லன்காரர்கள். ஒரே தெரு, ஒரே மில், ஒரே சர்ச். இங்கே ஒருவனுக்கு ஜலதோஷம் பிடித்தால் அடுத்த வாரமே ஊரில் அவன் அம்மா கவலைப்படுவாள். அவ்வளவு கடுதாசி போகும். அதனால் ஊருக்குப் போகிற பாட்டு ஊர் வயிற்றைக் கலக்காமல் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம். நானும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

அது 1916 டிசம்பர். பதுங்குகுழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். காலையில் அதன் மேல் மெல்லிய பனித்தகடு கட்டியிருக்கும். நாம் கால் வைத்ததும் உடைந்து, பூட்ஸுக்குள் இறங்கும். மூன்று நாள் அங்கே நிற்க வேண்டும், பிறகு மூன்று நாள் பின்னால் போகலாம். அந்த மூன்று நாளில் எதிரி சுட்டுச் செத்தவர்களைவிடக் கால் போனவர்கள் அதிகம். கால் முதலில் மரத்துப்போகும், பிறகு வீங்கும், பிறகு கறுக்கும்.

மேலிடத்தில் இதற்கு ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். கால் அழுகினால் அது நோய் இல்லை, குற்றம். ஆகவே தினமும் இருட்டுவதற்கு முன்னால் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, ஒருவர் காலை மற்றவர் திமிங்கில எண்ணெய் போட்டுக் கால் மணி நேரம் தேய்க்க வேண்டும். தன் காலைத் தானே தேய்த்துக்கொள்ளக் கூடாது. விறைத்த கையோடு எவனும் ஏனோதானோ என்று விட்டுவிடுவான் என்றுதான் ஜோடி. தேய்த்து, உலர்ந்த காலுறை போட்டதும் சார்ஜன்ட் வரும்போது “ஆச்சு, சார்ஜன்ட்” என்று சொல்ல வேண்டும். அவர் தாளில் கையெழுத்துப் போடுவார். பிளாட்டூனில் ஒருவனுக்குக் கால் போனால் எல்லோருடைய லீவும் ரத்து.

என் ஜோடி சேத் கிரிம்ஷா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. அங்கே வெறுங்காலோடுதான் நிற்பார்கள். இயந்திரம் முன்னும் பின்னும் ஓட, அதன் கூடவே எண்ணெய் ஊறிய பலகை மேல் நாள் முழுக்க நடப்பார்கள். அதனால் நூற்புக்காரர்களுக்குத் தங்கள் பாதத்தின் மேல் தனிப் பெருமை. குளிர் எங்கள் காலை என்ன செய்யும் என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்பார்கள்.

“இருபது வருஷமா எண்ணெய்ல ஊறின காலுடா தம்பி இது” என்பார் சேத். “திமிங்கிலமே வந்து எங்கிட்ட கடன் கேக்கும்.”

தறிக்காரர்களான நாங்களும் அதை நம்பினோம். அவர்கள் பாதத்தைப் பார்த்தவர்கள் நம்பாமல் இருக்க முடியாது. மஞ்சளாக, தடித்து, பளபளவென்று இருக்கும்.

அந்தத் தடவை முன்னணிக்குப் போனபோது எனக்கு ஒரு பாட்டு பாதியில் நின்றிருந்தது. அதுவும் இந்த எண்ணெய் தேய்ப்பதைப் பற்றித்தான். மூன்றாம் நாள் மாலை ரேஷன் கொண்டுவருகிறவரிடம் கொடுத்தனுப்பினால்தான் கிறிஸ்துமஸ் இதழில் வரும். கடைசி இரண்டு வரி வராமல் என்னைப் படுத்தி எடுத்தது. முதல் நாள் மாலை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சேத்திடம் காலை நீட்டச் சொன்னேன்.

“எனக்கு வேண்டாம்பா. நீ அதை முடி. கிறிஸ்துமஸ் இதழை ஹெஸ்டர் மில்லுக்கு எடுத்துட்டுப் போவா. சாப்பாட்டு வேளையில அத்தனை பொம்பளைங்களுக்கும் வாசிச்சுக் காட்டுவா. உன் பாட்டு இல்லைன்னா எம் பொண்டாட்டி மூஞ்சி தொங்கிடும்.”

“சார்ஜன்ட் கேட்டா?”

“ஆச்சுன்னு சொல்லு. எங்காலுக்கு ஒண்ணும் ஆகாது. உங்காலைக் கொடு, அதுதான் பச்சைப்புள்ள காலு.”

அவர் என் காலைத் தேய்த்தார். நான் எழுதிக்கொண்டே காலை நீட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் அப்படி. இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் நான் கேட்கக்கூட இல்லை. அவர் கால் மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறையாமல் விரல் இடுக்கு வரை தேய்த்துவிட்டார். சார்ஜன்ட் ஆர்மராட் வந்தபோது இரண்டு பேரும் ஒரே குரலில் “ஆச்சு, சார்ஜன்ட்” என்றோம். பாட்டும் முடிந்துவிட்டது.

தென்கடல் திமிங்கிலம் செத்துக் கொடுத்தது
எங்களூர்க் காலுக்கு எண்ணெய்க் குளியல்;
மன்னருக் கில்லை, மந்திரிக் கில்லை,
மாலைக்கு மாலை இந்தச் சொகுசு;
பெண்டாட்டி தேய்த்தாலும் இப்படி வருமா?
பிளாட்டூன் சேவகம் போலொரு சுகமா?

“கடைசி ரெண்டு வரிக்கு ஹெஸ்டர் என்னை உதைப்பா” என்று சேத் குலுங்கிச் சிரித்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வலியே இல்லை, ஒன்றுமே தெரியவில்லை என்றார். அதை நல்ல செய்தி என்று இருவரும் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை எங்களை மாற்ற ஆள் வந்தார்கள். கிளம்பும்போது சேத்தால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பின்னால் உள்ள கொட்டகை வரை வந்தோம். பூட்ஸ் கழலவில்லை, கத்தியால் கிழிக்க வேண்டியிருந்தது. காலுறையோடு தோலும் கொஞ்சம் வந்தது. உள்ளே இருந்தது சேத்தின் கால் இல்லை. வெளுத்து, ஊதி, விரல்கள் நீலமாக ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சூடு பட்டதும் உணர்வு திரும்பியது. அப்போதுதான் அவர் கத்த ஆரம்பித்தார்.

சார்ஜன்ட் ஆர்மராட் என்னைப் பார்த்தார். ஊரில் நிலக்கரி வண்டி ஓட்டியவர். அவர் முன்னால் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது என்று பேர்.

“ஹிண்டில், தேய்ச்சியா?”

“தேய்ச்சேன், சார்ஜன்ட்.”

“மூணு நாளுமா?”

“மூணு நாளும்.”

சேத்துக்கு அது கேட்டது. கத்துவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கொண்டுபோனார்கள்.

நான் தேய்த்தேன் என்றால் சேத் என்ன செய்திருக்க வேண்டும்? பிளாட்டூனே அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டது. யாரும் பார்க்காதபோது பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டிருக்கிறான், ஊருக்குப் போக வழி தேடிக்கொண்டான். அவருடைய பட்டாளப் பதிவுத் தாளில் ‘சொந்த அஜாக்கிரதை’ என்று எழுதினார்கள். எல்லோருடைய லீவும் போயிற்று. புதிதாகப் பிறந்த குழந்தையைக் கிறிஸ்துமஸுக்குப் பார்க்கப் போகவிருந்தவன் ஒருவன் இருந்தான். அவன் அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் ஊருக்கு எழுதினான். மற்றவர்களும் எழுதினார்கள்.

பத்திரிகை வந்தது. கொட்டகையில் ஒருவன் பெஞ்சு மேல் ஏறி நின்று என் பாட்டை வாசித்தான். மன்னருக்கில்லை, மந்திரிக்கில்லை என்று கூட்டமே திருப்பிப் பாடியது. “கவிராயரே, உம்ம கைராசி கிரிம்ஷாவுக்கு மட்டும் பலிக்கலியே” என்று ஒருவன் சொல்ல, மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். முப்பத்தைந்து பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. சேத்திடம்தான் இதையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்வது வழக்கம்.

எனக்கு ஜோடி இல்லாமல் போயிற்று. ஒற்றை ஆளாக நின்றதால் சார்ஜன்டே எனக்கு ஜோடியாக வந்தார். வேலையை அவர் அரைகுறையாகச் செய்யமாட்டார். என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அழுத்தித் தேய்த்துக்கொண்டே சேத்தைத் திட்டுவார். “உன்னை மாதிரி ஒரு ஜோடி கிடைச்சும் இப்படிப் பண்ணிட்டானே, பாவி.” நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவருடைய கால்களை நான் தேய்க்கும்போது கால் மணி தாண்டியும் நிறுத்தமாட்டேன். அக்கறை என்று நினைத்துக்கொள்வார்.

ஜனவரியில் தண்ணீர் முழுவதும் உறைந்தது. ரொட்டியைக் கோடாலியால் பிளந்தோம். ஒரு பகல் முழுக்கக் காவல் மேடையில் தனியாக நின்றிருந்தேன். அன்றைக்கு வேறு ஒரு கவிதை வந்தது. அதற்காக நான் எதையும் தேடவில்லை.

நீர் முழங்காலில் நின்றது. நாம் நீரில் நின்றோம்.
உன் காலைக் கேட்டேன், வேண்டாம் என்றாய்.
அந்த ஒரு சொல்லை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.
உன் கை என் காலைச் சூடாக்கியது.
உன் விரல்கள் ஒவ்வொன்றாய் உன்னை விட்டுப் போயின;
நான் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடுதாசி எல்லாவற்றையும் எங்கள் அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கவிதையை ஊர்ப் பத்திரிகைக்கு என்று உறையிலிட்டு, ஒட்டாமல் கொடுத்தேன். வாயால் சொல்ல முடியாததை அவர் கண்ணால் படித்துக்கொள்ளட்டும், பிறகு என்ன தண்டனையோ வரட்டும் என்று இருந்தேன்.

லெப்டினன்ட் ஏவரில் மறுநாளே கூப்பிட்டார். இருபத்து மூன்று வயது, பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டு வந்தவர். கையில் என் தாள் இருந்தது.

“உட்காருங்க ஹிண்டில். இதை ரெண்டு தடவை படிச்சேன். ராத்திரி தூக்கம் வரலை.”

“சார்.”

“அந்த ‘நான்’ இருக்கே, அங்கதான் கவிதையே இருக்கு. சிப்பாய் படற கஷ்டத்தை எழுதறவங்க எல்லாரும் கஷ்டப்படறவனா நின்னு எழுதுவாங்க. நீங்க குத்தவாளியா நின்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தோணுச்சு?”

“அது நடந்தது சார்.”

“நல்ல கவிதை எல்லாம் நடந்ததுதான்” என்றார் அவர், அன்போடு. “இது உங்க ஊர்ப் பத்திரிகைக்கு வேண்டாம். லண்டன்ல எனக்குத் தெரிஞ்ச ஆசிரியர் ஒருத்தர் இருக்கார், அவருக்கு அனுப்பறேன். பேர் போட முடியாது. ஒரு சிப்பாய்னு போடுவாங்க.”

அந்த இடத்தில் இன்னொரு வாக்கியம் சொன்னால் போதும். இது கிரிம்ஷாவின் கால் சார், நான் தேய்க்கவில்லை. வாய் வரை வந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்த விதம் அப்படி. அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, கவிராயர் என்று கூப்பிட்டவர்கள்கூட. அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. “ரொம்ப நன்றி சார்” என்று சல்யூட் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி கடைசியில் சேத்திடமிருந்து கடுதாசி வந்தது. மான்செஸ்டர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து, அவர் கைப்பட எழுதியது. நாங்கள் மறுபடி முன்னணியில் இருந்தோம். மற்றவர்கள் டீ போட ஒதுங்கியபோது பிரித்துப் படித்தேன்.

“தம்பி எல்லிஸ், வலது காலைக் கணுக்காலுக்கு மேலயே எடுத்துட்டாங்க. இடதுல பாதி இருக்கு. கட்டைக்கால் செய்ய அளவெடுத்திருக்காங்க. போன வாரம் நர்சம்மா ஒரு பத்திரிகையிலேர்ந்து கவிதை ஒண்ணு வாசிச்சாங்க. வார்டுல இருபத்திரண்டு பேரு இருக்கோம், ஒருத்தன்கூட இருமலை. அடுத்த கட்டில்ல ஒரு ஸ்காட்லாந்துக்காரன். அது எங்காலு, எழுதினவன் என் ஜோடின்னு சொல்லி அழுதான். அந்தக் கோடியில ஒருத்தன், இல்ல அது என்னுதுன்னான். ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துடுச்சு. நான் வாயத் தொறக்கலை. அது யாரு காலுன்னு எனக்குத் தெரியும்.

“நல்லா எழுதியிருக்கே. நீ எழுதினதுலயே அதுதான் ஒசத்தி. அந்தத் தண்ணி, அந்தக் குளிரு, எல்லாம் திரும்ப வந்துச்சு. ஆனா அதை ஹெஸ்டர்கிட்ட காட்ட முடியலைப்பா. வேணும்னே காலைக் கெடுத்துக்கிட்டு வந்தேன்னு ஊரெல்லாம் கடுதாசி வந்திருக்கு. மில்லுல அவகூட உக்காந்து யாரும் சாப்பிடறதில்லை. சர்ச்சுல அவ உக்கார்ற பெஞ்சுல வேற யாரும் உக்கார்றதில்லை. அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டா. அவங்க சொல்றது நெசமான்னு கேட்டா. எம் பொண்டாட்டியே கேட்டுட்டா.

“உலகத்துக்கே சொல்லிட்டே தம்பி. சார்ஜன்ட்டுக்கு மட்டும் சொல்லலை.”

டீ ஆறிப் பனியாகும் வரை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பென்சிலை எடுத்து வேறு ஒரு தாளில் எழுதினேன். ஐந்து வரிதான். இன்ன எண், இன்ன பெயர், டிசம்பர் மாதம் இன்னின்ன தேதிகளில் சிப்பாய் சேத் கிரிம்ஷாவின் கால்களை நான் தேய்க்கவில்லை, தேய்த்ததாகப் பொய் சொன்னேன், அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

மாலை சார்ஜன்ட் எண்ணெய் டின்னோடு வந்தார். என் பூட்ஸைக் கழற்றி, வலது காலை மடியில் எடுத்துவைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பாதி முடிந்தபோது சொன்னேன்.

“சார்ஜன்ட், சேத் காலை நான் தேய்க்கலை.”

கை நின்றது.

“எந்த நாளு?”

“மூணு நாளும். பாட்டு எழுதிட்டிருந்தேன்.”

“அவன் உனக்குத் தேய்ச்சானா?”

“தேய்ச்சாரு. மூணு நாளும்.”

அவர் என் பாதத்தை விடவில்லை. அதைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன்.

“நான் குனிஞ்சு பாத்திருக்கணும். காலுறையக் கழட்டச் சொல்லிப் பாக்கணும்னுதான் எனக்கு உத்தரவு. நீங்க ஆச்சுன்னதும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்” என்றார். பிறகு, “கேப்டன்கிட்ட இதைச் சொல்லுவியா?”

“எழுதியே வச்சிருக்கேன்.”

“பாட்டா?”

“இல்ல, சார்ஜன்ட்.”

கையை நீட்டி வாங்கிப் படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வலது காலுக்கு உலர்ந்த காலுறையை மாட்டிவிட்டார்.

“ரெண்டு பேரும் போவோம். நானும் சொல்ல வேண்டியிருக்கு” என்றார். “அந்தக் காலை நீட்டு.”

“வேண்டாம் சார்ஜன்ட்.”

“வேண்டாம்னு சொன்னவன் கதி தெரியுமில்ல. நீட்டு.”

நீட்டினேன். கால் மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறையாமல், விரல் இடுக்கு வரை தேய்த்துவிட்டார். நான் அழுததை அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

சேத்தின் தாளில் இருந்த அந்த இரண்டு சொல்லையும் அடித்துக் கேப்டன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு இருபத்தெட்டு நாள் தண்டனை. ஆர்மராடின் சார்ஜன்ட் பட்டைகளைப் பிடுங்கி வேறு படைப்பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் பிளாட்டூன் உட்கார்ந்து ஊருக்குக் கடுதாசி எழுதியது, நாலு நாலு பக்கமாக. ஏவரில் மட்டும் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வைத்த சல்யூட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சேத்துக்கு மூன்று கடுதாசி போட்டேன். பதில் ஏப்ரலில் வந்தது, ஒரே ஒரு வரி: ‘ஹெஸ்டர் பக்கத்துல இப்ப ஆளு உக்கார்றாங்க.’ எனக்கென்று அதில் ஒன்றும் இல்லை.

தண்டனை முடிந்து முன்னணிக்குத் திரும்பிய அன்று புது சார்ஜன்ட் ஜோடி பிரித்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் என் பக்கம் நகரவில்லை. அவர் இரண்டாம் தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு எண்ணெய் டின்னை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்தவர்களிடம் போனார். சண்டை முடிகிற வரை என் காலை நானே தேய்த்துக்கொண்டேன்.